ஹோட்டல் சுவரில் படம் கொழுவ எவ்வளவு முடியும்?

லண்டனில் இருக்கும் யாழ்ப்பாண ஹோட்டல் முதலாளி வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவார். "தம்பி, இருபத்திநாலு ரூம், கீழ ஒரு ரெஸ்டோரண்ட். எல்லாத்துக்கும் படம் போடவேணும். மொத்தமா எவ்வளவு முடியுமெண்டு இரவைக்குச் சொல்லும்." இரவைக்குச் சொல்லவேண்டும் என்ற அவசரத்தில் நாங்களும் படத்தின் விலையை எண்ணிக்கையால் பெருக்கி, அதற்கு மேல் பிறேமுக்கும் லொறிக்கும் என்று 10 வீதம் போட்டு அனுப்பிவிடுவோம். என் முதல் வேலையில் நான் அதைத்தான் செய்தேன். படங்கள் நன்றாக வந்தன, முதலாளிக்கும் சந்தோசம். பிறேம் போட்டவருக்குக் கொடுக்க இருந்த மிச்சக் காசை மட்டும் என் சேமிப்பில் இருந்து எடுத்துக் கொடுக்கவேண்டி வந்தது.

அப்படி முதல் வேலைக்குப் போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் ஓவியராக இருக்கலாம், புகைப்படம் எடுப்பவராக இருக்கலாம், பிறேம் கடை வைத்திருந்து முதல் தரம் ஹோட்டல் ஓடர் கிடைத்தவராக இருக்கலாம். வீட்டுக்காரர் படத்தை வாங்கிக்கொண்டு போய்த் தானே ஆணி அடித்துக் கொழுவுவார். ஹோட்டல்காரருக்குப் படம் சுவரில் இருக்கவேண்டும், நேராக இருக்கவேண்டும், இரண்டு மாரி கழிந்தும் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கவேண்டும், கட்டிலில் படுத்திருக்கிறவரின் தலையில் விழாமல் இருக்கவேண்டும். அவர் காசு தருவது இவ்வளவுக்கும் சேர்த்து. அதனால் கணக்கைச் சுவரில் தொடங்கிப் பின்னோக்கி வாருங்கள். என்ன சுவர் என்று தெரிந்தால் எவ்வளவு பாரம் தாங்கும் என்று தெரியும், பாரம் தெரிந்தால் கண்ணாடியா அக்ரிலிக்கா, எந்தச் சட்டம் என்று முடிவெடுக்கலாம், அது முடிந்தால் லொறியில் எப்படி ஏற்றுவது என்பது தானாக விளங்கும். படத்தின் விலை கடைசியில் வந்து உட்காரட்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் ரூபாக் கணக்கு எதுவும் தரப்போவதில்லை. 2022 பங்குனித் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டி நின்ற டொலர் வைகாசிக்குள் 360 வரை போனதைப் பார்த்தவர்கள் நாங்கள். பிறேம் சட்டங்களும் அக்ரிலிக்கும் மவுண்ட் அட்டையும் (பிறேமுக்குள் படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை) பெரும்பாலும் இறக்குமதிச் சாமான், அன்று எழுதிக் கொடுத்த விலைக்கு இரண்டு மாதத்துக்குப் பிறகு கிட்டத்தட்டப் பாதிச் சாமான்தான் வாங்க முடிந்தது. அளவும் பாரமும் எத்தனை நாள் வேலை என்பதும் மாறாதவை. அவற்றைச் சரியாக எடுத்தால், அன்றைய விலையை அன்றைக்கு விசாரித்துப் போடலாம்.

சுவரைப் போய்ப் பாருங்கள்

போட்டோ அனுப்புகிறோம், அதைப் பார்த்துச் சொல்லுங்கள் என்பார்கள். வேண்டாம், நேரே போங்கள். அளவு நாடா, ஒரு சின்ன டோர்ச், கொப்பி, பென்சில் போதும். போய் முதல் செய்யவேண்டியது விரல் மொழியால் சுவரைத் தட்டிப் பார்ப்பது.

யாழ்ப்பாணத்தில் மூன்று விதமான சுவர்களைச் சந்திப்பீர்கள். சீமெந்துக் கல் சுவர் நல்ல பிள்ளை, துளை போட்டு, ஸ்குறூவைப் பிடிக்கும் பிளக் இறக்கினால் அப்படியே பிடித்துக்கொள்ளும். இரண்டாவது, புது ஹோட்டல்களில் அறைகளைப் பிரிக்கப் போடும் ஜிப்சம் பலகைச் சுவர். தட்டினால் டொம் டொம் என்று வெறுமையாகக் கேட்கும். அதில் சாதாரண பிளக் நிற்காது, உள்ளே போய் இறக்கையை விரித்துப் பிடிக்கிற வகை வேண்டும், அது விலை கூட. ஆனால் பலகையை மூடுவதற்கு முன்னரே நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டால், படம் வரும் இடத்துக்குப் பின்னால் ஒரு பிளைவுட் துண்டு வைத்து மூடச் சொல்லலாம். அந்தத் துண்டின் செலவு ஒன்றுமேயில்லை, அதைக் கேட்கத் தவறினால் வரும் செலவு பெரிது.

மூன்றாவதுதான் என்னைப் பாடாய்ப் படுத்திய சுவர். நடுவில் முற்றம் வைத்த பழைய நாற்சார் வீடுகளைத் திருத்தி விருந்தினர் விடுதியாக்குவது இப்போது இங்கே நன்றாக நடக்கிறது. அந்த வீடுகளின் சுவர் ஒரு முழம், ஒன்றரை முழத் தடிப்பில் சுண்ணாம்புக் கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாகக் கட்டியது. வெளியில் பார்த்தால் மலைபோல நிற்கும். டிறிலை வைத்தால் முதல் அரை அங்குலம் மாவாகக் கொட்டும், பிறகு கல்லில் முட்டி முனை பக்கத்துக்கு வழுக்கும், வழுக்கிக்கொண்டு போய் இரண்டு கல்லுக்கு இடையில் இருக்கும் உதிர்ந்த சாந்துக்குள் விழும். 6 மில்லிமீற்றரில் தொடங்கிய துளை அஞ்சு ரூபாக் குற்றி அளவுக்கு அகன்று நிற்கும். பிளக் அதற்குள் சுழன்றுகொண்டே இருக்கும். பிறகு மேசனைக் கூப்பிட்டு அடைத்து, காயவிட்டு, பெயின்ற் அடிக்கிறவரைக் கூப்பிட்டு அதே நிறத்தைக் கலக்கச் சொல்லி... ஒரு துளைக்கு ஒரு நாள். அப்படிச் சுவர் என்றால் துளைகளைக் குறைக்கிற வழியைத்தான் தேடவேண்டும். மேலே, கூரைக்குக் கொஞ்சம் கீழே, சுவர் நீளத்துக்கு ஒரு மரச் சட்டத்தைப் பல இடத்தில் பிடித்துவிட்டு, அதில் இருந்து மெல்லிய கம்பியில் படங்களைத் தொங்கவிடலாம். முதல் செலவு கூடத்தான், ஆனால் பிறகு படத்தை மாற்றினாலும் சுவரைத் தொடத் தேவையில்லை, பழைய வீட்டுக்கு அது பொருந்தியும் இருக்கும்.

சுவரைப் பார்த்தபின் வழியைப் பாருங்கள். படம் எந்த வாசலால் உள்ளே வரும், படிக்கட்டு எங்கே திரும்புகிறது, லிப்ட் இருந்தால் அதன் கதவு எவ்வளவு உயரம். ஒருமுறை மேல்மாடிக் கூடத்துக்கு 7 அடி நீளமும் 5 அடி உயரமுமான கன்வஸ் ஒன்றை முறுக்காக இழுத்து அடித்து, பிறேமும் போட்டுக் கொண்டுபோய் இறக்கினோம். படிக்கட்டின் திருப்பத்தில் சரித்துப் பார்த்தோம், நிமிர்த்திப் பார்த்தோம், கைபிடிக்கு மேலால் தூக்கிப் பார்த்தோம், 4 அங்குலம் இடறியது. கடைசியில் முற்றத்தில் பாய் விரித்து அதைக் கவிழ்த்து, ஸ்டேப்பிள் ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, துணியைச் சுருட்டி, சட்டத்தை அரிந்து மேலே கொண்டுபோய் மறுபடியும் பொருத்தினோம். அரை நாளும் ஒரு தச்சரின் முழுநாள் கூலியும் போனது. அதற்குப் பிறகு 5 அடிக்கு மேற்பட்ட எதற்கும் உட்சட்டத்தை நடுவில் போல்ட் போட்டுக் கழற்றக்கூடிய மாதிரித்தான் செய்விக்கிறேன்.

ஒவ்வொரு படத்துக்கும் கொப்பியில் ஒரு வரி எழுதுங்கள். அறை இலக்கம், எந்தச் சுவர், அது என்ன சுவர், படத்தின் அகலம் உயரம், நிலத்தில் இருந்து படத்தின் நடுவுக்கு எவ்வளவு, பக்கத்தில் சுவிட்ச் உண்டா (சுவிட்சுக்கு நேர் மேலேயும் கீழேயும் வயர் ஓடும், அந்தக் கோட்டில் டிறில் வைக்காதீர்கள்), மறுபக்கம் குளியலறையா. ஓவியக் கலரிகளில் படத்தின் நடு 57 முதல் 60 அங்குல உயரத்தில் வரும்படி கொழுவுவது வழக்கம், நடைபாதைக்கும் அது பொருந்தும். கட்டில் தலைமாட்டில் அந்தக் கணக்கை விட்டுவிட்டு, தலைப்பலகைக்கு மேலே 6 முதல் 8 அங்குலம் விட்டால் போதும்.

எண்ணிக்கை

24 அறைக்கு இரண்டு படப்படி 48, மூன்று நடைபாதைக்கு ஆறு ஆறாக 18, ரெஸ்டோரண்டுக்கு 6, வரவேற்புக் கூடத்துக்குப் பெரிதாக ஒன்று. மொத்தம் 73. இதற்கு மேல் அறைப் படங்களில் மூன்றை உபரியாகச் செய்து வையுங்கள், கட்டாயம் ஒன்றாவது உடையும், உடைந்த பிறகு ஒன்றுக்காகத் தனியாகச் சட்டம் தேடினால் அதே சட்டம் கடையில் இருக்காது.

அறைகளுக்கு ஒரே ஓவியத்தின் அச்சுப் பிரதிகளைப் போட விரும்பினால், ஓவியரிடம் மூலப் படத்தை வாங்கியது மட்டும் போதாது. பிரதி எடுக்கும் உரிமை ஓவியருடையது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அது அவர் இருக்கும் வரைக்கும், அவருக்குப் பின் 70 வருடத்துக்கும் நிற்கும். எழுத்தில் அனுமதி வாங்கி, எத்தனை பிரதி என்று குறித்து, அதற்கொரு தொகையைக் கணக்கில் தனி வரியாகப் போடுங்கள். மருதனார்மடத்து நுண்கலைப் பீடத்தில் படித்து வெளிவருகிற பிள்ளைகளிடம் இதைக் கதைக்காமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள், நீங்கள் அப்படிச் செய்யவேண்டாம்.

பிறேம் கணக்கு

புதியவர்கள் பிழைவிடுவது பெரும்பாலும் இங்கேதான், ஆகவே ஒரு படத்தை எடுத்து முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன்.

24 அங்குலத்துக்கு 36 அங்குலப் படம். சுற்றளவு 120 அங்குலம், அதாவது 10 அடி. "10 அடிச் சட்டம் ஒன்று" என்று எழுதினால் பிழை. மூலைகளைச் சரிவாக வெட்டுவதால் ஒவ்வொரு பக்கமும் படத்தைவிடச் சட்டத்தின் அகலத்தைப்போல் இரு மடங்கு நீளம் வேண்டும். நாலு பக்கத்துக்கும் சேர்த்தால் சட்ட அகலத்தின் எட்டு மடங்கு. 2 அங்குலச் சட்டம் என்றால் 16 அங்குலம் கூட, ஆக 136 அங்குலம், 11 அடி 4 அங்குலம். வாள் தின்பது தனி. கடையில் சட்டம் முழுத் துண்டாகத்தான் தருவார்கள், ஒரு துண்டில் முடியாமல் இரண்டாவதில் கொஞ்சம் வெட்டுவீர்கள். வெட்டியதில் மிச்சம் அடுத்த படத்தின் சின்னப் பக்கத்துக்குக் காணுமா என்று கடதாசியில் கோடு போட்டுப் பார்த்தால், 48 அறைப் படத்துக்குப் பல துண்டுகள் மிஞ்சும்.

இப்போது முதலாளி, "உள்ளுக்க வெள்ளை அட்டை வச்சாத்தானே வடிவு" என்கிறார். சுற்றிவர 3 அங்குல மவுண்ட். படம் 30 க்கு 42 ஆகிறது. சட்டம் 13 அடி 4 அங்குலம். கண்ணாடி 6 சதுர அடியாக இருந்தது 8.75 சதுர அடி, கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. பின்பலகையும் அப்படியே. அட்டையின் விலையை மட்டும் கூட்டிவிட்டு, அது மற்ற மூன்றையும் இழுத்துக்கொண்டு போவதை மறந்துவிடுவோம். அட்டை அமிலம் இல்லாததாக இருக்கட்டும், மலிந்த அட்டை இரண்டு மூன்று வருடத்தில் வெட்டு விளிம்பில் பழுப்பாகி, அந்தப் பழுப்பு படத்திலும் ஏறும்.

பாரம். 3 மில்லிமீற்றர் கண்ணாடி சதுர மீற்றருக்கு ஏழரைக் கிலோ. இந்த 30 க்கு 42 படத்தில் கண்ணாடி மட்டும் 6 கிலோவுக்குச் சற்று மேல். அதே தடிப்பு அக்ரிலிக் 3 கிலோவுக்குள் அடங்கும். அக்ரிலிக் விலை கூட, கீறும், ஆனால் உடைந்து சிதறாது. கட்டில் தலைமாட்டில் நான் கண்ணாடி போடுவதே இல்லை, முதலாளி செலவைக் குறைக்கச் சொன்னாலும் அதில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை. நடைபாதையிலும் ரெஸ்டோரண்டிலும் கண்ணாடி போடலாம். கரியிலோ பாஸ்டலிலோ வரைந்த படத்துக்கு அக்ரிலிக் ஆகாது, அதில் ஏறும் நிலைமின் தூளைப் பிடுங்கி இழுக்கும். எதைப் போட்டாலும் படம் கண்ணாடியில் முட்டாமல் இடைவெளி இருக்கவேண்டும். ஏசியை நிறுத்திக் கதவைத் திறந்தால் கண்ணாடி வியர்க்கும், முட்டிக்கொண்டிருக்கும் தாள் அதில் ஒட்டிவிடும்.

எந்தச் சட்டம்? மரம் என்றால் தேக்கோ மகோகனியோ, நன்றாகக் காய்ந்ததா என்று பார்த்து. பனஞ்சிலாகைச் சட்டம் கேட்கிறவர்களும் உண்டு, அந்தக் கறுப்புக் கோடுகள் உண்மையில் அழகுதான், ஆனால் பாரம், சிலாம்பு எழும், நல்ல தச்சர் வேண்டும். வரவேற்புக் கூடத்தின் ஒரு படத்துக்குப் போடுங்கள், 73 க்கும் போடப் போனால் தச்சுக் கூலியில் முடிந்துபோவீர்கள். அறைகளுக்கு பொலிஸ்டைரீன் சட்டத்தைப் பற்றி ஓவியர்கள் முகம் சுளிப்பார்கள், நான் சுளிப்பதில்லை. கறையான் தின்னாது, மாரியில் ஊதாது, பாரமில்லை. ஸ்பொட் லைட்டுக்கு மிகக் கிட்டவாக மட்டும் வைக்காதீர்கள்.

ஊதுவது என்றதும் எம்டிஎப் பின்பலகை, மரநாரை அழுத்திச் செய்வது. அதை வெளிச்சுவரில் வரும் படத்துக்கு வைக்கவே வேண்டாம். ஐப்பசி கார்த்திகையில் வாடைக்காற்றோடு மழை அடிக்கும் சுவர் உள்ளே ஈரம் கசியும். மார்கழியில் போய்ப் படத்தைக் கழற்றிப் பார்த்தால் பின்பக்கம் புட்டுப்போல உதிரும், அட்டையில் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சணம். உள்ளே துவாரம் ஓடும் பிளாஸ்டிக் தகட்டைப் பின்னுக்கு வைத்து, நாலு மூலையிலும் ரப்பர் பொட்டு ஒட்டி, படத்துக்கும் சுவருக்கும் இடையில் காற்று போக விடுங்கள். ரப்பர் பொட்டின் விலை தேத்தண்ணிக் காசு.

முழு ஓடரையும் வெட்டத் தொடங்கு முன் ஒன்றே ஒன்றைச் செய்து காட்டி, அதன் பின்பக்கத்தில் முதலாளியிடமோ மனேஜரிடமோ ஒப்பம் வாங்குங்கள். வெளிநாட்டில் இருந்து வீடியோவில் பார்த்து "ஓம்" சொன்னவர், ஊருக்கு வந்து "நான் சொன்னது இதைவிட மெல்லிசு" என்று சொன்ன அனுபவம் இருக்கிறது.

ஏற்றி இறக்கல்

சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம் என்பது இந்தத் தொழிலுக்கென்றே சொன்னது போல. இங்கே என் விதி ஒன்றுதான், கண்ணாடியைப் பயணம் போகவிடாதீர்கள். கொழும்பில் அச்சடித்தால் கன்வசையும் தாளையும் சுருட்டிக் கொண்டுவந்து, சட்டமும் கண்ணாடியும் யாழ்ப்பாணத்தில் போடுங்கள். 400 கிலோமீற்றர் தூரத்துக்குக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வருவதற்கு ஒரு காரணமும் இல்லை.

எண்கள் இதை இன்னும் தெளிவாகச் சொல்லும். கூரியர்காரர் நிறுவையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டியின் நீளம் அகலம் உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000 ஆல் பிரித்து (விமான சரக்குக்கு வழக்கமாக 6000) வரும் எண்ணையும் பார்ப்பார், எது கூடவோ அதற்குத்தான் காசு. மேலே சொன்ன படம் பிறேமோடு 34 க்கு 46 அங்குலம். அப்படி ஐந்தைப் பஞ்சு வைத்துப் பெட்டியில் அடைத்தால் 130 க்கு 100 க்கு 35 சென்ரிமீற்றர். பெருக்கிப் பிரித்தால் 91 கிலோ. உண்மை நிறை 50 கிலோவைச் சுற்றித்தான் இருக்கும், 91 க்குக் கட்டுவீர்கள். அதே ஐந்து படத்தையும் பிறேம் போடாமல் சுருட்டி 15 சென்ரிமீற்றர் தடிப்பும் 110 நீளமுமான குழாயில் போட்டால் 5 கிலோவுக்கும் குறைவு. சுருட்டும்போது வர்ணம் வெளிப்பக்கம் வரவேண்டும், உள்ளே மடங்கினால் வெடிக்கும். தடிப்பாக எண்ணெய் வர்ணம் பூசிய படத்தைச் சுருட்டவே கூடாது, அதற்குப் பெட்டிதான்.

பிறேம் போட்டதை லொறியில் ஏற்றித்தான் ஆகவேண்டும் என்றால் நிமிர்த்தி வைத்து, முகத்துக்கு முகம், முதுகுக்கு முதுகாக, இடையில் அட்டை. படுக்கப்போட்டு அடுக்கினால் முதல் பள்ளத்திலேயே நடுக் கண்ணாடி போய்விடும். கண்ணாடிக்கு மேல் மாஸ்கிங் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினால் உடைந்தாலும் துண்டுகள் படத்தைக் குத்தாது, அக்ரிலிக்கில் அப்படி ஒட்டாதீர்கள். குமிழ் பிளாஸ்டிக்கை நேரே வர்ணத்தில் சுற்றினால் வெயிலில் குமிழின் அச்சு பதியும், இடையில் வழுவழுத் தாள் வேண்டும்.

தெற்குக்கு மரக்கறி ஏற்றிப் போய்த் திரும்பி வரும் லொறியில் இடம் பிடித்தால் மலிவு. ஆனால் தட்டு ஈரமாக இருக்கும், மேலே வேறு யாருடைய சாமானோ ஏறும். தாளில் இருக்கும் படத்துக்கு அந்த மலிவு வேண்டாம். நெடுந்தீவு வேலை என்றால் குறிகட்டுவானில் படகுக்கு மாற்றவேண்டும், இரண்டு பக்கமும் ஏற்றி இறக்க ஆள் வேண்டும், ஒவ்வொன்றையும் தடித்த பொலித்தீனில் உறையாக மூடி ஒட்டவேண்டும், உப்புத் தண்ணீர் தெறிப்பது நிச்சயம்.

வெளிநாட்டில் இருந்து மரப்பெட்டியில் வருவதானால், பெட்டி மரம் சூடேற்றிய மரம் என்ற முத்திரை அதில் இருக்கவேண்டும் (உள்மரம் 56 பாகை செல்சியஸில் 30 நிமிடம், பெரும்பாலான நாடுகளில் அதே விதி). தீர்வை, கிளியரிங் ஆளின் கூலி, துறைமுகத்தில் பெட்டி கிடக்கும் நாளுக்கு வாடகை எல்லாம் தனி வரிகள்.

போக்குவரத்துக் காப்புறுதி எடுத்தால் கண்ணாடி உடைவு அதில் அடங்குமா என்று வாசித்துப் பாருங்கள். அடைக்கு முன் ஒவ்வொரு படத்தையும் முன்னும் பின்னும் போனில் எடுத்து வையுங்கள்.

கொழுவும் நாட்கள்

எங்கள் இரண்டு பேர் ஒரு நாளில் 18 படம் கொழுவுவோம். 72 சின்னப் படத்துக்கு 4 நாள். பெரிய ஒன்றுக்கு, சாரம் கட்டி இறக்குவதோடு, ஒரு நாள். முதல் நாள் இறக்கி அறை அறையாகப் பிரித்து வைக்க அரை நாள். கடைசியில் சரிவு பார்த்துத் திருத்த, துளை அடைக்க ஒரு நாள். ஆறரை, அதாவது 7 நாள். இரண்டு பேருக்கு 14 ஆள்நாள். நான் முதல் வேலையில் போட்டது 4 நாள்.

அது ஹோட்டல் வெறுமையாக இருக்கும்போது. ஆட்கள் தங்கியிருந்தால் 12 மணிக்குப் பழையவர்கள் போய் 2 மணிக்குப் புதியவர்கள் வருவதற்குள்தான் அறைக்குள் டிறில் சத்தம் போட விடுவார்கள். அப்போது நாள் இரண்டு மடங்கு என்று வையுங்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளுக்கும் எந்த ஹோட்டலிலும் வேலை ஒப்புக்கொள்ளாதீர்கள், ஒரு அறையும் காலியாகக் கிடைக்காது.

எல்லாவற்றையும் விடக் கையைக் கடிப்பது காத்திருப்பு. "ஓம் அண்ணை, எல்லாம் முடிஞ்சுது, வாங்கோ" என்று மனேஜர் சொல்லுவார். லொறியோடு போய் இறங்கினால் பெயின்ற் அடிக்கிறவர் இரண்டாம் பூச்சுக்கு வாளியோடு நிற்பார், நடைபாதையில் ஓடு பதிக்கிறார்கள், கரண்ட் வேலை இன்னும் வரவில்லை. உங்கள் இரண்டு பேரும் மர நிழலில் இருந்து தேத்தண்ணி குடிப்பார்கள், கூலி ஓடும். விலைப்பத்திரத்தில் ஒரு வரி போடுங்கள், சுவர் காய்ந்து, மின்சாரம் வந்து, அறை பூட்டக்கூடியதாக இருக்கும் நாளில் இருந்துதான் வேலை தொடங்கும், அதற்குள் கூப்பிட்டுத் திருப்பினால் நாளுக்கு இவ்வளவு என்று. அந்தக் காசை ஒருநாளும் வாங்காவிட்டாலும் பரவாயில்லை, வரி இருந்தாலே ஒருதரம் யோசித்துத்தான் கூப்பிடுவார்கள்.

சாமான்களில் கஞ்சத்தனம் வேண்டாம். படத்துக்குப் பின்னால் கம்பி கட்டி ஒற்றை ஆணியில் கொழுவினால், துடைக்க வருகிற பிள்ளை தொடும்போதெல்லாம் சரியும். இரண்டு பக்கமும் வளையம் போட்டு இரண்டு ஸ்குறூவில் நேரே மாட்டுங்கள், கீழ் விளிம்பில் படத்தைச் சுவரோடு பிடிக்கும் ஒரு பூட்டுத் தகடு. இரண்டு துளையும் ஒரே மட்டத்தில் வரவேண்டுமே என்று பயப்படத் தேவையில்லை. வளையங்களின் தூரத்துக்கு ஒரு பிளைவுட் துண்டில் இரண்டு துளை போட்டு, நடுவில் ரசமட்டத்தை ஒட்டிவிட்டு, அதைச் சுவரில் வைத்துப் பென்சிலால் குத்திக்கொண்டே போகலாம். அறைப் படங்கள் எல்லாம் ஒரே அளவு என்றால் அந்த ஒரு துண்டுதான் உங்கள் 18 படக் கணக்கைக் காப்பாற்றும். 73 படத்துக்கு வளையங்களுக்கு மட்டும் 146 துளை, பூட்டுத் தகட்டுக்கு வேறு, நான் பிளக்கும் ஸ்குறூவும் கூடுதலாகவே எடுத்துப் போவேன். கீரிமலை, காரைநகர் பக்கம் என்றால் எல்லாம் கறள் பிடிக்காத ஸ்டெயின்லஸ், 316 வகை கிடைத்தால் அதுவே நல்லது. சாதாரண ஸ்குறூவின் கறள் ஒரு மாரியிலேயே வெள்ளைச் சுவரில் கோடாக வழியும்.

விலைப்பத்திரம் எழுதும்போது

பிறேம், அடைத்தல், ஏற்றி இறக்கல், கொழுவல் கூலி, ஸ்குறூ பிளக், ஆட்களின் சாப்பாடு தங்குமிடம் (ஹோட்டலே தருமென்றால் அதை எழுதி வாங்குங்கள்), துளை அடைக்கும் மேசன், பெயின்ற். எல்லாம் தனித்தனி வரி. மொத்தமாக ஒரு எண்ணைக் கொடுத்தால் "கொஞ்சம் குறையுங்கோ" என்று கேட்பார்கள், குறைப்பது உங்கள் ஓவியக் கூலியில்தான் வந்து விழும். வரிவரியாக இருந்தால், குறைக்கவேண்டுமா, சரி, மவுண்ட் அட்டையை எடுத்துவிடுவோம், கண்ணாடியும் சட்டமும் இவ்வளவால் குறையும் என்று காட்டலாம்.

எதிர்பாராததுக்கு 10 வீதம், பழைய கல்வீடு என்றால் 15. விலை 14 நாளுக்குத்தான் செல்லும் என்று எழுதுங்கள். ஹோட்டல் பெறுமதி சேர் வரிப் பற்றுச்சீட்டு கேட்டால், 2024 தை முதல் அது 18 வீதம். நீங்கள் அந்த வரிக்குப் பதியாதவர் என்றால், நீங்கள் வாங்கும் சாமானில் கட்டும் 18 வீதம் உங்கள் செலவாகவே நின்றுவிடும், அதையும் சேர்த்துத்தான் விலை போடவேண்டும்.

முற்பணம் பாதிக்குக் குறையாமல் வாங்குங்கள், சட்டமும் கண்ணாடியும் அந்தக் காசில்தான் வாங்கப்போகிறீர்கள். 40 வீதம் படங்கள் ஹோட்டலில் இறங்கும் அன்று. மிச்சம் 10 கொழுவி முடிந்து மனேஜரோடு அறை அறையாகப் போய்ப் பார்த்த பிறகு. அந்தச் சுற்றுக்குக் கொப்பியைக் கொண்டு போங்கள், ஒவ்வொரு வரிக்கும் நேரே அவரின் கையெழுத்து விழட்டும். போகிற போக்கில் துப்புரவு செய்யும் பிள்ளைகளைக் கூப்பிட்டு, அக்ரிலிக் படத்துக்கு அமோனியா கலந்த கண்ணாடித் திரவம் அடிக்கக்கூடாது, ஈரத் துணி மட்டும் என்று செய்து காட்டுங்கள். மூன்று உபரிப் படத்தையும் பூட்டுத் தகட்டின் திறப்பையும் கொஞ்சம் மிச்ச ஸ்குறூவையும் ஒரு பையில் போட்டு மனேஜரிடம் கொடுத்துவிட்டு, திறப்பு ஒன்றை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். அவர் அதைத் தொலைத்துவிட்டு மூன்று மாதத்தில் போன் எடுப்பார்.